ஆடிக்கு அழைக்காமல் வந்த மாப்பிள்ளைக்கு

வா மாப்ளே, வா. ஆடி பொறந்தா புது மாப்பிள்ளையைச் சீர் வச்சு அழைக்கிறது ஊர் வழக்கம். உனக்கு இன்னும் கல்யாணமே ஆகலே, யாரும் அழைக்கவும் இல்லே, ஆனா வருஷம் தவறாம ஆடிக்கு வந்து நிக்கிறே. காரணம் மாமனுக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்காதே. ஜூலை பொறந்ததும் வடக்கே புலிக்காட்டையெல்லாம் பூட்டிடறாங்க. கன்ஹா, பாந்தவ்கர் உள்காட்டுக்குள்ள செப்டம்பர் முடியிற வரைக்கும் ஜீப் போகாது. கென்யாவுல வில்டபீஸ்ட் கூட்டம் மாரா ஆத்தைத் தாண்டறதைப் பார்க்க ஆகஸ்டு கடைசிக்கு டிக்கெட் போட்டு வச்சிருக்கே. நடுவுல கிடக்கிற நாளைக்கு வாடகை இல்லாத ஒரு இடம், வேளைக்குச் சோறு. அதுக்குத்தான் மறையூர்ல மாமன் இருக்கானே.

இருக்கட்டும். அந்தக் கேமராப் பீரங்கியை அப்படித் திண்ணையில வை. உங்க அத்தை அதைப் பார்த்துட்டு கரும்புக்கு மருந்தடிக்கிற மெஷினான்னு கேட்டா. விலையைச் சொன்னேன். அதுக்கப்புறம் அவ அந்தத் திண்ணைப் பக்கமே விளக்குமாறு கொண்டு போகலே.

வந்ததும் வராததுமா என்ன சொன்னே? ‘இங்க இப்ப ஒண்ணும் கிடைக்காது மாமா, ஆஃப் சீசன்’னே. கேட்டுக்கிட்டிருந்த என் கிழட்டு நாய்கூட எழுந்து போயிடுச்சு. சீசன் உனக்குத்தானே? காட்டுல இருக்கிறதுக்கெல்லாம் ஜூலையில வயிறு உண்டு, குட்டி உண்டு, சண்டை உண்டு. ஜீப் ஓடாட்டி புலி பட்டினி கிடக்குமா?

பூகோளத்தைக் கொஞ்சம் காதுல போட்டுக்கோ, அப்புறம் புத்தி சொல்றேன். நாம இருக்கிறது இடுக்கி. ஆனைமலைக்கு அந்தப் பக்கம் பாலக்காடு. ரெண்டும் கேரளாதான், ஆனா ஒண்ணை ஒண்ணு தொடாது. இங்கேருந்து பறம்பிக்குளம் போகணுமா? சின்னாறு செக்போஸ்ட் தாண்டி, ஒன்பதாறு செக்போஸ்ட் தாண்டி, உடுமலையில டீ குடிச்சு, பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப்புன்னு தமிழ்நாட்டைச் சுத்தி மறுபடியும் கேரளாவுக்குள்ள ஏறணும். பாலக்காட்டுக்காரனே தன் சொந்த ஜில்லாவுல இருக்கிற பறம்பிக்குளத்துக்குத் தமிழ்நாட்டு வழியாத்தான் ரோட்டுல போறான். ஆனைக்கு அந்த அவஸ்தை இல்லே. சின்னாறு, இரவிகுளம், ஆனைமலைப் புல்மேடு, பறம்பிக்குளம்னு காடு விட்டுப் போகாம கிடக்கு. எந்தச் சாவடியிலயும் அது பையைத் திறந்து காட்டினதா நான் கேள்விப்பட்டதில்லே.

மழையும் அப்படித்தான். மூணாறுல ஆடி மாசம் வீட்டுக்குள்ள துணி காயாது. அங்கேருந்து இறங்கி வந்தா இங்க வெறும் காத்து. மழையெல்லாம் மேற்கே கொட்டித் தீர்த்துட்டு, நமக்கு மேகத்தை மட்டும் காட்டிட்டுப் போயிடும். சின்னாறு காட்டுக்கு வருஷத்துக்கு 500 மில்லிமீட்டர் மழை வந்தாலே பெரிசு. அதுலயும் பாதிக்கு மேல ஐப்பசி, கார்த்திகையில. அதனாலதான் கேரளாவுல முள்ளுக்காடு, கள்ளி, நட்சத்திர ஆமைன்னு வேற எங்கேயும் பார்க்காததை இங்க பார்க்கிறே. 1984ல இதைச் சரணாலயம் ஆக்கினாங்க, 90 சதுர கிலோமீட்டர் சொச்சம். நீ இதுக்குள்ள ஓடற ரோட்டுல ஜன்னலை ஏத்தி விட்டுட்டு, பாட்டுப் போட்டுட்டு வந்தே. அதான் ஒண்ணும் கிடைக்கலே.

அடுத்தது உன் உடுப்பு. பச்சையும் கரும்பச்சையுமா இலை இலையா போட்ட பேண்ட்டு, அதே துணியில தொப்பி, லென்ஸுக்கும் அதே துணியில கோவணம். அமேசான் காட்டுக்குத் தைச்சதா? சின்னாறுல ஆடி மாசம் மண்ணு செம்பழுப்பு, முள்ளு சாம்பல், புல்லு வைக்கோல் நிறம். அந்தக் காடு முழுக்கத் தேடினாலும் பச்சையா இருக்கிறது நீ ஒருத்தன்தான். மந்தி மரத்து மேலேருந்து உன்னைப் பார்த்து ஊருக்கே சொல்லுது. அதுக்கு மேல நீ கக்கத்துல அடிச்சுக்கிற சென்ட்டு. ஆனைக்குக் கண்ணு கொஞ்சம் மந்தம், மூக்கு மந்தம் இல்லே. காத்து சரியா அடிச்சா நீ செக்போஸ்ட்ல இறங்கறப்பவே, வந்திருக்கிறது என்ன சென்ட்டுன்னு அதுக்குத் தெரிஞ்சிடும். நீ ‘மறைஞ்சு’ உட்கார்ந்திருக்கேன்னு சொல்றப்ப எனக்கு உன்னைப் பார்த்துப் பாவமா இருக்கு.

சரி, ஆனை வேணும்கிறே. பெர்மிட் வேண்டாம், ஜீப் வேண்டாம், காட்டறேன் வா. இப்படி இறவாணத்துக்குக் கீழே குனி. மழைத்தண்ணி படாத இந்தப் பூழி மண்ணுல சின்னச் சின்னக் குழியா இருக்கே, பார்த்தியா? குழியானை. மூணாறுல இப்ப ஈரத்துல ஒண்ணு கிடைக்காது. மாமன் வீட்டு இறவாணத்துல ஆடியிலயும் மண்ணு பொடிப்பொடியா இருக்கிறதால ஜோரா குடித்தனம் பண்ணுது. ஒரு எறும்பு வர்ற வரைக்கும் பொறு. மூச்சு விடாதே, மண்ணு சரியும்.

பாரு, எறும்பு விளிம்புல கால் வச்சது. மண்ணு நழுவுது. ஏறப் பார்க்குது. கீழேருந்து விசுக் விசுக்குனு மண்ணு பறக்குதா? அது தலையாலே வாரி அடிக்குது. தட்டைத் தலை, அதுல ரெண்டு கொடுக்கு. அதைத்தான் நீ கொம்புன்னு வச்சுக்கணும். எறும்பு மேல மண்ணு விழ விழ சரிவு இன்னும் இளகி, எறும்பு அடிக்குப் போயிடும். கொடுக்கு ரெண்டும் கவ்வினதும் ஒரு இழுப்பு. சாறை உறிஞ்சிட்டுச் சக்கையைக் கொஞ்ச நேரத்துல வெளியே விட்டெறியும். குழியைத் தோண்டறதும் பின்னாலேயே நடந்து, வட்டம் வட்டமா சுத்தித்தான். முன்னால நடக்கவே தெரியாது அதுக்கு. இன்னொரு சங்கதி கேளு: இப்படிப் புழுவா கிடக்கிற காலம் முழுக்க, அது ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ, வெளிக்கே போகாது. எல்லாத்தையும் அடக்கி வச்சிருந்து, கூடு கட்டிச் சிறகு முளைச்சு வெளியே வந்தப்புறம்தான். சிறகு முளைச்சுட்டா தட்டான்மாதிரி இருக்கும். சாயங்காலம் நம்ம குண்டு பல்பைச் சுத்தும். நீ அதைக் கொசுன்னு நினைச்சு பேட்டால அடிச்சே, முந்தாநாள்.

இதை அந்தக் கேமராவுல எடு பார்க்கலாம். முடியாதா? கிட்டத்துல இருக்கிறது அதுக்குத் தெரியாதா? அட, இவ்வளவு விலை கொடுத்து வாங்கினதுக்கு வெள்ளெழுத்து! பரவாயில்லே, கண்ணாலே பாரு. பார்த்துக்கிட்டே அந்தக் கன்னுக்குட்டி கயித்தை அவுத்துக்கிட்டுப் போகாம ஒரு கண்ணு வச்சுக்கோ.

அணில் சங்கதிக்கு வர்றேன். பாம்பாத்து ஓரமா மருதும் நாவலும் கிளையோட கிளை கோத்து நிக்கிற இடத்துல சாம்பல் மலையணில் இருக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல இதுக்குன்னே 1988ல சரணாலயம் வச்சாங்க. கேரளாவுல இதைப் பார்க்கணும்னா சின்னாறுக்குத்தான் வரணும். போன வருஷம் நீ அதைப் பார்த்தே, படமும் எடுத்தே, ‘வால் கட் ஆயிடுச்சு’ன்னு அழிச்சே. அந்த வால் உடம்பளவு நீளம், அதை விட்டா அந்த அணில் விழுந்திடும். பின்னங்கால் ரெண்டாலயும் கிளையைக் கவ்விக்கிட்டு தலைகீழாத் தொங்கும். முன்னங்கை ரெண்டும் காயைப் பிடிச்சு உருட்டி உருட்டிக் கடிக்கும். வாலு கிளைக்கு அந்தப் பக்கம் எடை கொடுத்துக்கிட்டுத் தொங்கும். நீ மூஞ்சியை மட்டும் பெரிசா பிடிச்சு, பின்னால எல்லாத்தையும் கலங்கலாக்கி, அது ஏதோ போட்டோ ஸ்டுடியோவுல வந்து உட்கார்ந்தமாதிரி பண்ணி வைக்கிறே. மரம் எங்கேப்பா? ஆறு எங்கே? அந்தக் கலங்கலுக்குள்ளதானே அது சீவிக்குது?

பேரு வச்ச ஆனைமேல உனக்கு ஒரு பித்து. மூணாறுல படையப்பா வந்தான்னா நடுராத்திரி பைக்கைக் கிளப்பறே. ரஜினி படம் 1999ல வந்து போயிடுச்சு, இவன் இன்னும் தேயிலைத் தோட்டத்துல ஓடிக்கிட்டிருக்கான். கடையில காய்கறி தின்னு பழகினவன். அவன் முன்னால ஜீப்பை உறுமவிட்டு, ஹாரன் அடிச்சு, கோபம் வந்தாத்தான் படம் நல்லா வரும்னு சீண்டினவங்களும் உண்டு. வனத்துறை கேஸ் போட்டது. எனக்கென்னமோ ஆனைக்குப் பேரு வச்சா ஆனைக்கு நல்லதில்லேன்னு படுது. சின்னக்கானல் அரிக்கொம்பன் அரிசிக்காக ரேஷன் கடையை உடைச்சான். 2023 ஏப்ரல் 29ஆம் தேதி மயக்க ஊசி போட்டு லாரியில ஏத்திப் பெரியாறு காட்டுல விட்டாங்க. ஒரு மாசத்துக்குள்ள கம்பம் டவுனுக்குள்ள வந்து நின்னான். ஜூன் 5ஆம் தேதி தமிழ்நாடு பிடிச்சு, களக்காடு முண்டந்துறையில கொண்டு போய் விட்டது. அதே வருஷம் ஜனவரியில பாலக்காடு தோணியில ஒருத்தனைப் பிடிச்சாங்க. பிடிக்கிற வரைக்கும் அவன் பேரு பி.டி.7, பிடிச்சுக் கூண்டுல அடைச்சப்புறம் ஊர்ப் பேரையே வச்சு தோணின்னு கூப்பிட்டாங்க. அரிக்கொம்பனும் பயணம் போனவன்தான், நீயும் பயணம் போறவன்தான். உனக்குத் திரும்பி வர டிக்கெட் இருக்கு.

இப்ப நான் சொல்லப் போறதுல நையாண்டி இல்லே, கேட்டுக்கோ. ஆறுமணிக் குருவி குரலைப் போன்ல போட்டுப் போட்டுக் கூப்பிடறியே, அது உன்னைப் பார்க்க வர்றதில்லே. தன் எல்லைக்குள்ள இன்னொருத்தன் புகுந்துட்டான்னு சண்டைக்கு வருது. இரை தேடற நேரத்துல இல்லாத எதிரியைத் தேடிக்கிட்டு அலையுது. நெல்லியாம்பதியில இருவாச்சிக் கூட்டைப் படம் பிடிக்கணும்னு துடிக்கிறே. பொட்டை மரப்பொந்துக்குள்ள போய் வாசலை எச்சத்தாலயும் பழச்சக்கையாலயும் பூசி அடைச்சுக்கிட்டு, அலகு நுழையிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டு மூணு மாசத்துக்கு மேல உள்ளே கிடக்கும். ஆண் கொண்டு வந்தாத்தான் சோறு. நீயும் உன் சேக்காளிகளும் மரத்தடியில முக்காலியை நட்டுக்கிட்டு நின்னா ஆண் வராது, தூரத்துலயே சுத்தும். உனக்குப் படம் வர்றதுக்குத் தாமதம், உள்ளே இருக்கிறதுக்குப் பட்டினி. வாழச்சால் பக்கம் காடர்கள் ஒரு காலத்துல இருவாச்சிக் குஞ்சை எடுத்துத் தின்னவங்க. இன்னைக்கு அவங்கதான் கூட்டுக்குக் காவல். தின்னவன் காவலுக்கு மாறிட்டான், ரசிக்க வந்தவன் குடியைக் கெடுக்கிறான்.

அதை விடக் கேவலம் தவளைக் கதை. சோலைக்காட்டுல மக்கின கட்டைக்கு அடியில விரல்நுனி அளவு ஒரு கறுப்புத் தவளை, மேலெல்லாம் நீலமும் வெள்ளையுமா புள்ளி. கேலக்ஸி தவளைங்கிறாங்க. நம்ம இடுக்கி மதிகெட்டான் சோலையில இருக்கு. கேரளக் காட்டுல ஒரு ஆராய்ச்சிக்காரர் 2020ல ஒரு இடத்துல ஏழு தவளையைப் பார்த்து வச்சுட்டு வந்தார். பின்னால போய்ப் பார்த்தா கட்டையெல்லாம் புரட்டிக் கிடக்கு, செடியெல்லாம் மிதிபட்டுக் கிடக்கு, தவளை ஒண்ணுகூட இல்லே. கேமராக்காரங்க கூட்டம் கூட்டமா வந்துட்டுப் போனாங்க, கையில பிடிச்சு வச்சு எடுத்ததுல ரெண்டு செத்துடுச்சுன்னு காட்டுல வழிகாட்டறவங்க சொன்னாங்களாம். அந்தப் படத்துக்கு எத்தனை பேர் ஹார்ட்டு போட்டாங்களோ.

முறைக்காதே, உன்னைச் சொல்லலே. உன் சேக்காளியைச் சொன்னேன்.

கேமரா இல்லாம ஒருத்தர் இந்த மலையைப் பார்த்தார், கேட்டிருக்கியா? 1933ல சலீம் அலி திருவாங்கூர், கொச்சி சமஸ்தானத்துப் பறவையைக் கணக்கெடுக்க வந்தப்ப மறையூருக்கும் வந்தார். சம்சாரத்தையும் கூட்டிக்கிட்டு வந்தார், அதைக் கவனி. அந்தக் காலத்துல ‘ஷூட்’டுனா நிஜத் துப்பாக்கிதான், பறவையைச் சுட்டுப் பாடம் பண்ணி மியூசியத்துக்குக் கொண்டு போவாங்க. அதை நான் மெச்சலே. ஆனா எழுதி வச்சார் பாரு. எந்த ஊரு, எந்த மாசம், என்ன தின்னுச்சுன்னு. 2009ல அதே ஊர்களுக்கு மறுபடியும் போய்ப் பார்த்தாங்க. அவர் அந்தப் பயணத்துல பார்க்காத மயில் இப்ப பல ஊர்லயும் அகவிக்கிட்டு இருந்தது. பாலக்காட்டுச் சூலனூர்ல மயிலுக்குன்னே ஒரு சரணாலயம், பாலக்காட்டுக்காரரான கே.கே. நீலகண்டன் பேர்ல. இந்துசூடன்னு பேரு வச்சுக்கிட்டு 1958ல ‘கேரளத்திலே பட்சிகள்’ எழுதினவர். காலேஜுல இங்கிலீஷ் வாத்தியார். மயில் பெருகினா ஜனங்க சந்தோஷப்படறாங்க. மயில் வறண்ட நிலத்துப் பறவை, அது வர வர ஈரம் போகுதுன்னு அர்த்தம்னு தெரிஞ்சவங்க கவலைப்படறாங்க. ஒருத்தர் எழுதி வச்சதாலதானே இது தெரிஞ்சது? நீ நாலாயிரம் படம் வச்சிருக்கே. ஒண்ணைக் காட்டி எந்த மாசம், எந்த மரம்னு கேட்டா ‘எஃப் ஃபோர்’ங்கிறே.

தேதின்னதும் ஞாபகம் வருது. கட்டப்பனைக்காரன் மண்ணு வெட்டறப்ப உப்பின ஊதா நிறத்துல, பன்னி மூக்கோட ஒரு தவளை வரும். 2003ல அதுக்கு விஞ்ஞானப் பேரு வச்சப்ப உலகமே வாயைப் பிளந்தது. அதுக்குக் கிட்டத்துச் சொந்தம் கடல் தாண்டி செய்ஷல்ஸ் தீவுலதான் இருக்காம். மண்ணுக்கடியிலயே கறையான் தின்னுக்கிட்டுக் கிடந்துட்டு, பருவமழை வர்ற நேரத்துல சில நாள் மட்டும் வெளியே வந்து சோடி சேர்ந்துட்டு மறுபடி உள்ளே போயிடும். அந்தச் சில நாள்ல நீ எங்கே இருப்பே? தடோபாவுல, நாப்பத்தஞ்சு டிகிரி வெயில்ல, இருபது ஜீப்புக்கு நடுவுல ஒரு புலியோட பின்பக்கத்தைப் பார்த்துக்கிட்டு. குறிஞ்சி 2018ல பூத்தப்ப நீ எங்கேயோ இருந்தே. 2030க்காவது இரு, முந்தியே சொல்லிட்டேன். பங்குனி வாக்குல வந்து ராஜமலைக்குப் போனே, வரையாடு குட்டி போடற காலம்னு பூட்டிக்கிடந்தது, வாசல்ல நின்னு வாச்சர்கிட்ட சண்டை போட்டே. பிரசவ அறைக்குள்ள கேமராவோட போறேன்னா எந்த ஊர்ல விடுவான்?

ஆகஸ்டு கடைசியில நீ கிளம்பற அதே வாரத்துல இங்க ஒருத்தன் வந்து இறங்குவான். கரும்புக்கு நடுவுல போற வாய்க்கால்ல, கல்லுமேல நின்னு வாலை மேலும் கீழும் ஆட்டிக்கிட்டு. மஞ்சள் அடிவயிறு, சாம்பல் முதுகு. இமயமலையில, அதுக்கும் அந்தப் பக்கம் குஞ்சு பொரிச்சுட்டு வர்றவன். இருபது கிராம் இருந்தாலே அதிகம். வர்றவன் பெரும்பாலும் முன்ன வந்த வாய்க்காலுக்கே வர்றான். நீங்க ரெண்டு பேரும் வழியில எங்கேயாவது குறுக்க சந்திச்சிருப்பீங்க, நீ மேலே ஜன்னல் சீட்டுல தூங்கிக்கிட்டு இருந்திருப்பே.

ஆக, என் யோசனை இதுதான். டிக்கெட்டைக் கிழிக்கச் சொல்லலே, கிழிக்கிறவனும் நீ இல்லே. இருக்கிற நாள்ல ஒரே இடத்துல உட்காரு. அலையாதே. ராத்திரியும் உட்காரு, பகல்ல படுத்துத் தூங்கற மிருகத்தைப் பகல்ல தேடி என்ன பிரயோசனம்? நல்ல உசரமான இடமா இருக்கணும், நாலு பக்கமும் தெரியணும், காத்து கீழேருந்து மேலே வரணும். மேலே ஓலை, கீழே சாக்கு, பக்கத்துல ஒரு தகர டின்னு. பன்னி வரும், முள்ளம்பன்னி வரும், மிளா வரும், கீரியும் மரநாயும் வரப்புல நடக்கும். யோகம் இருந்தா காட்டுமாடே வரும். ஆந்தை ரெண்டு வகை. எங்கே இருக்கு அப்படியொரு இடம்னா கேக்கிறே?

நம்ம கீழக் கரும்புக்காட்டுப் பரண்தான்.

சிரிக்காதே. காவக்காரனுக்கு ராத்திரிக் கூலி என்ன கேக்கிறான் தெரியுமா? மறையூர்ச் சர்க்கரைக்கு 2019ல புவிசார் குறியீடு கொடுத்தாங்க, ஆனைக்கு அந்தச் சேதி யாரோ சொல்லிட்டாங்கபோல, அதுலேருந்து நம்ம கரும்புதான் வேணும்ங்குது. நீயும் விடிய விடிய முழிச்சிருந்து பார்க்கணும்ங்கிறவன், எனக்கும் விடிய விடிய முழிச்சிருக்க ஆள் வேணும். ஆலையில பாகு இறக்கினதும் சுடச்சுட ஒரு உருண்டை உனக்கு, பேச்சு மாறமாட்டேன்.

சென்ட்டு அடிக்காதே. அந்தப் பச்சைப் பேண்ட்டு கரும்புக்குள்ள பொருந்தும், அதைப் போட்டுக்கோ. டார்ச்சுக்குப் புது பேட்டரி உன் காசுல. ஆனை வந்தா கேமராவைத் தொடாதே, மொதல்ல தகரத்தைத் தட்டு, தட்டிக்கிட்டே எனக்குப் போன் போடு, என்ன ஆனாலும் பரணை விட்டு இறங்காதே. அது திரும்பி நடக்கிறப்ப வேணும்னா எடுத்துக்கோ. பின்பக்கம்தான் வரும், ஆனா புலிக்கு அவ்வளவு தூரம் போய் அதைத்தானே எடுத்துட்டு வர்றே? அத்தை சோத்தைக் கட்டி வச்சுட்டா. வெளிச்சம் இருக்கிறப்பவே ஏறிடு.